நைனா பார்த்த பார்

முதல் நாள், வியாழன் இரவு, காசிமேடு

பை கட்டியாகிவிட்டது. விடிந்தால் அந்தமானுக்கு விமானம். நான், என் பையன், நைனா, மூன்று பேர் போகிறோம். அம்மா வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் சின்ன ஃபைபர் படகு மீனுக்கு நல்ல விலை, இந்த நேரம் பார்த்துக் கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்தில் லாஞ்சுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. சிலவற்றைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள். நைனாவை முழுசாக வீட்டில் பார்க்க முடிவது வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான்.

போன வருஷம் இதே சமயத்தில் அவர் வலை தைத்துக்கொண்டிருந்தபோது என் பையன் கேட்டான்: “தாத்தா, கடலுக்கு அடியில எப்பிடி இருக்கும்?” நைனா ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “தெரியாது கண்ணு. நான் பாத்ததில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. கட்டுமரத்தில் ஆரம்பித்து லாஞ்சு டிரைவர் ஆனது வரை 40 வருஷத்துக்கு மேல் கடலிலேயே கிடந்தவர். கயிற்றில் கை வைத்தால் கீழே சேறா, மணலா, பாரா என்று சொல்லிவிடுவார். ஆனால் கண்ணால் பார்த்தது கிடையாது. எப்படிப் பார்ப்பார்? எங்கள் பக்கத்துத் தண்ணீரில் தலையை முக்கினால் நம் கையே நமக்குத் தெரியாது. அலை சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும். துறைமுகத்துக்குள்ளே டீசல் மிதக்கும் கறுப்புத் தண்ணீர். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. நைனா சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் இன்று தண்ணீருக்குள். கரையில் இருப்பது கொட்டிவைத்த கருங்கல்.

பார் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை எங்கள் ஆட்கள் பார் என்பார்கள், பேச்சில் பாரு. மீன் கூடும் இடம் அது. இழுவலை மாட்டிக் கிழியும் இடமும் அதுதான். ஒரு தடவை மாட்டினால் வலை போச்சு, அன்றைய டீசல் காசு போச்சு. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால், கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றின் பின் ஒன்றாக நேர்ப்படுத்திப் பார் எங்கே இருக்கிறது என்று மனசில் குறித்துக்கொள்வார்களாம். இத்தனை வருஷம் தெரிந்துவைத்து விலகிப்போன அந்தப் பாரை நைனா ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் இருக்கிறது, சுமார் 3 நாள் ஆகும். நைனாவுக்குக் கப்பல்மேல்தான் ஆசை. என் லீவு அதற்குப் போதவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி, ஸ்ரீ விஜயபுரம்

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர் இது. ஆட்டோக்காரர், ஓட்டல்காரர் எல்லாரும் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டே கால் மணி நேரப் பயணம். நைனா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீரின் நிறம் மாறுவதை விரலால் காட்டிக்கொண்டே வந்தார். இது ஆழம், இது மேகத்தின் நிழல், அதோ அது மேடு. மேலிருந்து பார்த்தும் அவருக்குச் சரியாகத் தெரிந்தது.

ஊரில் எங்கே திரும்பினாலும் தமிழ். ஆட்டோக்காரரின் தாத்தா ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவராம். வெற்றிமலை முருகன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறைக்குப் போனோம். அந்தச் சிறைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு எழுதுவது சரியில்லை.

நைனா கேட்டது மீன் மார்க்கெட்டை மட்டும்தான். அங்கிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டி விலை சொன்னார். அம்மா செவுளைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது. நம் கடிகார நேரம்தான் இங்கேயும், ஆனால் ஊர் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. நைனா கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், “நமக்கு முன்னாடி இவங்களுக்கு விடிஞ்சிடும், இல்ல?” என்றார். சீக்கிரம் படுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள், சனி, ஜாலிபாய்

எழுத உட்காரும்போது இரவு ஒன்பது. நைனா தூங்கிவிட்டார். இன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து வண்டூர் படகுத்துறைக்கு ஏறக்குறைய 30 கி.மீ. அங்கிருந்துதான் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகு. 1983-இல் அறிவித்த பூங்கா, மொத்தம் 15 தீவுகள், 281 சதுர கி.மீ. சொச்சம். நம்மைப் போன்றவர்களை விடுவது இரண்டே தீவுகளுக்கு, அதுவும் மாற்றி மாற்றி. மழைக்காலத்தில் ரெட்ஸ்கின், மற்ற மாதங்களில் ஜாலிபாய். ஒன்றுக்கு ஓய்வு கிடைக்கும்போது இன்னொன்று திறந்திருக்கும். திங்கட்கிழமை கிடையாது.

ஏறுவதற்கு முன் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பையனின் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டோம். நைனா அந்தச் சோதனையை வெகுநேரம் கவனித்தார். “நம்ம ஹார்பர்ல இப்பிடி ரெண்டு ஆளு நின்னா போதும்மா. ஒவ்வொரு தபா வலை தூக்கும்போதும் பாதி கவர்தான் வருது.”

படகில் ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கும் தீவுகள். எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பையன். நைனா அவனிடம் இந்தத் தண்ணீரின் ஓட்டத்துக்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டார். தெண்டி, வன்னி என்று நம் பக்கத்துப் பெயர்களைச் சொல்லி, எது எந்த மாசம், எதில் என்ன மீன் என்று அடுக்கினார். அந்தத் தம்பி செல்போனை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டான். அதற்கப்புறம் நைனாவை அவன் கூப்பிட்ட ‘ஐயா’வின் தொனியே மாறிவிட்டது.

தீவுக்குக் கிட்டே போனதும் பெரிய படகு நின்றுவிடுகிறது. அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகில் மாற்றிக் கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்து குனிந்து பார்த்தோம். நைனா மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மண்டிபோட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊரில் பணம் வாங்கிய ஏஜென்ட், ஸ்நார்க்கலிங் (குழாயில் மூச்சு விட்டுக்கொண்டே முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பது) ஒரு மணி நேரம் என்று சொல்லித்தான் வாங்கினார். தீவில் கேட்டால் அரை மணி, அதற்கு மேல் தனிக்காசு. நைனாவை அரை மணியில் வெளியே வரச் சொல்ல எனக்கு மனசில்லை, கொடுத்தேன். போகிறவர்கள் எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகக் கண்ணாடி நைனாவுக்கு ஒட்டவே இல்லை. மாட்டிக்கொண்டு குனிந்தால் மூக்குப் பக்கம் தண்ணீர் ஏறியது. மூன்று தடவை கழற்றி மாட்டினோம். அவருடைய மீசைதான் காரணம். அடர்த்தியான மீசை, ரப்பர் விளிம்பு தோலில் படியாமல் முடிமேல் நிற்கிறது, அந்தச் சந்தில் தண்ணீர் நுழைகிறது. மீசையை எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. தம்பி சிரிக்காமல் ஒரு டப்பாவை எடுத்தான். வாசலின். இரண்டு விரலால் வழித்து மீசையின் மேல்வரியில் அழுத்தித் தடவி, முடியை எல்லாம் தோலோடு படிய வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினான். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அடுத்தது மூச்சு. தண்ணீரில் முகம் பட்டாலே மூச்சை அடக்கிப் பழகிய உடம்பு அவருடையது. குழாயை வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடு என்றால் கேட்குமா? குனிந்தார், அடக்கினார், எழுந்தார். “வாயாலயே மெதுவா விடுங்க ஐயா, அவசரமே இல்ல” என்று தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் அவர் பக்கத்திலேயே நின்றான். நாலாவது தடவை குழாயிலிருந்து மூச்சுச் சத்தம் சீராக வந்தது. அப்புறம் மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி ஆழத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். நானும் பையனும் இன்னொரு வளையத்தில் பின்னால் போனோம்.

முதலில் வெறும் மணல். பிறகு திடீரென்று கீழே தரை எழுந்து வந்தது.

மான்கொம்பு மாதிரி கிளை விட்டது ஒன்று. மூளையை மடித்து வைத்தாற்போல் உருண்டையாக ஒன்று. மேசை மாதிரி விரிந்தது, அதன் நிழலில் ஒரு களவா மீன் வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஊதா உதட்டோடு ஒரு பெரிய சிப்பி, எங்கள் நிழல் மேலே பட்டதும் உதட்டை உள்ளுக்கு இழுத்தது. காது தண்ணீருக்குள் இருந்ததால் கரக் கரக் என்று ஒரு சத்தம் கேட்டது. கிளி மீன் பவளக்கல்லை அலகால் கொரிக்கும் சத்தமாம் அது. கல்லைக் கொரித்து, பாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மணலாக வெளியே தள்ளுகிறது. நாங்கள் மிதித்துவந்த வெள்ளை மணலில் அதுவும் கலந்திருக்கிறது.

நைனாவின் கை தண்ணீருக்குள் நீண்டு நீண்டு காட்டியது. ஒரு தடவை தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, “ஓரா! ஓரா கூட்டம்!” என்று கத்தினார். பையன், “தாத்தா, மூஞ்சிய உள்ள வையி” என்று பதிலுக்குக் கத்தினான்.

எல்லா இடமும் அப்படி இல்லை. ஒரு பகுதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் உடைந்த கொம்புகள் குவிந்து கிடந்தன, பாசி படிந்து. 2010-இல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் ஏராளமாக வெளுத்துப்போயின. பவளம் செடியோ கல்லோ இல்லை, உயிர். மிகச் சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டும் வீடு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் நிறத்தையும் சாப்பாட்டில் பெரும்பங்கையும் கொடுக்கிறது. வழக்கத்தைவிட ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடுதல் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். செத்த கொம்புகளுக்கு நடுவே விரல் நீளத்துக்குப் புதிதாக முளைத்தவையும் தெரிந்தன. எனக்கு அவற்றை விட்டு வரவே மனமில்லை.

கரைக்கு வந்த நைனா மணலில் உட்கார்ந்தார். மீசையில் வாசலின் அப்படியே பளபளத்தது. வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

“மீனை ஏலத்துல ஒரு பக்கமா படுத்துக்கினுதாம்மா பாத்துக்கீறேன். அது நிக்கிறத இன்னிக்குத்தான் பாத்தேன்.”

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: “கலர் எல்லாம் செத்ததும் பூடுது போல.”

அதற்கும் அப்புறம், தம்பியைப் பார்த்து: “வலையில கல்லு வரும் தம்பி. விசிறி மாதிரி ஒண்ணு, பஞ்சு மாதிரி ஒண்ணு. வலைய கிழிக்குதேன்னு சுத்தியால ஒடச்சு ஒடச்சுப் போட்டிருக்கேன். அதெல்லாம் உசுரா?”

தம்பி ஆமாம் ஐயா என்றான். எங்கள் கடலில் இந்த மாதிரி பவளத்திட்டு கிடையாது. ஆனால் அந்தக் கடல் விசிறியும் பஞ்சும் வலையில் சிக்கி வருவதை நானே துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். காய்ந்து, நாறி, கால்பட்டு நொறுங்கிக் கிடக்கும். இனி அப்படித் தாண்டிப்போக என்னால் முடியாது.

நான்காம் நாள், ஞாயிறு, பாராடாங்

சுண்ணாம்புக் குகை பார்க்க விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். பாராடாங் தீவு வடக்கே சுமார் 100 கி.மீ. ஜிர்க்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காலை ஆறு மணிக்கு ஒன்றாக விடுகிறார்கள். அதற்கு மேல் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது. அந்தமான் பழங்குடி மக்களைப் பாதுகாக்க 1956-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். வழியில் என்ன பார்த்தோம், யாரைப் பார்த்தோம் என்று எழுதப்போவதில்லை. அது அவர்கள் வீடு, அதற்கு நடுவே நாம் சாலை போட்டுக்கொண்டு போகிறோம். எனக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் நெஞ்சில் ஒரு உறுத்தல் இருந்தது. வேடிக்கை பார்க்கவென்றே அந்த வழியில் போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள்.

மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் பேருந்து, லாரி, மனுஷர் எல்லாம் ஒரே மிதவைப் படகில் ஏறி அக்கரை போகிறோம். அங்கே அனுமதிச் சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, சின்ன ஸ்பீட் போட்டில் ஏறினோம். கொஞ்ச தூரம் அகலமான தண்ணீர். அப்புறம் படகு திரும்பி, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சந்தில் நுழைந்தது. இரண்டு பக்கத்து மரமும் மேலே கைகோத்துக்கொண்டன. வேர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கின்றன. முதலை உண்டு, கையை வெளியே நீட்டாதீர்கள் என்று எச்சரித்தார் படகோட்டி.

நைனா மெதுவாகச் சொன்னார்: “எண்ணூர்ல இந்த மாதிரி இருந்துச்சு.”

எண்ணூர் கழிமுகத்தில் இன்னும் அலையாத்தி இருக்கிறது. அவருடைய அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். சின்ன வயதில் வேர்களுக்கு நடுவே கையாலேயே இறால் தடவிப் பிடித்ததை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அப்புறம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் வந்தது, ஆறு மேடாகிப்போனது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் பக்கெட்டாலும் கையாலும் அதை அள்ளினார்கள். மரங்களின் வேரில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு, அதை நானே போய்ப் பார்த்தேன். இன்றைக்கு இங்கே வேர்களில் இருந்தது சேறு மட்டும்தான். சேறு இத்தனை சுத்தமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. வயல், நாலைந்து வீடு, காடு, வியர்வை. எலுமிச்சை ஜூஸ் விற்ற அம்மாவிடம் திரும்பும்போதும் வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனோம்.

குகை வாசலில் வெளிச்சம் இருக்கிறது, பத்தடி உள்ளே போனால் டார்ச் வேண்டும். உள்ளே குளுமை. சுவரெல்லாம் துணியை மடித்துத் தொங்கவிட்ட மாதிரி கல். மேலிருந்து இறங்குவது, கீழிருந்து எழும்புவது, இரண்டும் சேர்ந்து தூணாகிப்போனது. ஒரு இடத்தில் மேலும் கீழும் தொடுவதற்கு ஒரு சாண்தான் பாக்கி. தொங்கும் கல்லின் நுனியில் ஒரு சொட்டு நின்றது. டார்ச்சை அதன் மேலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தடித்தது, நடுங்கியது, விழவில்லை. விழுந்தபோது சரியாகப் பையனின் நெற்றியில் விழுந்தது.

மழைத் தண்ணீர் மண் வழியாக இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துப்போகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு பறந்துவிட, கரைந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகப் படிகிறது. ஒரு விரல் நீளம் வளர நூற்றுக்கணக்கான வருஷம். நம் கையில் உள்ள எண்ணெய்ப்பசை பட்டால் அந்த இடத்தில் படிவது நின்றுவிடும், அதனால் தொடக் கூடாது. அதைச் சொல்லியும், எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தில் ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்தார். நைனா அவர் கையைப் பிடித்து மெல்ல விலக்கிவிட்டார்.

சுண்ணாம்புக் கல் எங்கிருந்து வந்தது என்று பையன் கேட்டான். கடலில் செத்த சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் அடியில் படிந்து, இறுகி, பூமி தூக்கியதில் மேலே வந்தது என்றேன். நைனா உடனே பிடித்துக்கொண்டார். “பழவேற்காட்டுல கிளிஞ்சல் சுட்டுத்தான கண்ணு சுண்ணாம்பு எடுப்பாங்க. எங்க ஆயா வெத்தலைக்குத் தடவுனது அதான்.” பிறகு டார்ச்சை வாங்கி, கூரையில் மெல்ல ஓட்டினார். “அப்ப நேத்து பாத்தது இதுக்குப் புள்ள.”

திரும்பும்போது ஜூஸ் வாங்கினோம். பாராடாங்கிலேயே இருக்கும் சேற்று எரிமலையைப் பார்க்க நேரமில்லை, திரும்பும் வண்டி வரிசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள், திங்கள் இரவு, காசிமேடு

மதியம் வந்து சேர்ந்தோம். சாயங்காலம் நைனா பேரனைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்ப, நானும் போனேன். கூட்டாளிகள் லாஞ்சு நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலின் கதையைப் பையன் சொன்னான், களவா நின்ற கதையை நைனா சொன்னார். கல்லுக்கு உசுரு என்றதை ஒருவர் நம்பவில்லை. நைனா கிழிந்த வலை ஓரத்தில் சிக்கிக் காய்ந்திருந்த ஒரு விசிறித் துண்டைப் பிரித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, கிட்டே கொண்டுபோய்ப் பாரு, அந்தப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு வாய் என்றார்.

இப்போது வீட்டில் இரண்டு பேரும் ஒரு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்குத் தெரிந்த பார் ஒவ்வொன்றையும் நைனா சொல்ல, பையன் எழுதுகிறான். கரையிலிருந்து எவ்வளவு நேர ஓட்டம், எத்தனை பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) ஆழம், எந்த அடையாளத்துக்கு நேர், அங்கே என்ன வலை போனது, என்ன மீன் கிடைத்தது. கடைசிக் கட்டத்துக்குப் பையன் வைத்த தலைப்பு ‘கீழே என்ன இருக்கும்’. அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

எட்டாவது பாருக்கு வந்திருக்கிறார்கள். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாகிவிட்டது.